வேலிக்கு அந்தப் பக்கம் போன வாள்மூக்கன்

அது இல்ல தம்பி. அதுவும் இல்ல. காமிராவக் கீழ வைங்க மொதல்ல, குளிர்ல ஆடுறீங்க. குயாகில்காரங்க எல்லாருமே இப்படித்தான்... கடலோர வெயில்ல வேர்த்து வழிஞ்சுட்டு, மெல்லிசா ஒரு சட்டையப் போட்டுக்கிட்டு அப்படியே மலைக்கு ஏறி வந்துடுறது. அப்புறம் படம் ஆடிப்போச்சுன்னு ரீங்காரச்சிட்டு மேல பழி. இந்தாங்க, இந்தப் போன்ச்சோவப் போத்திக்குங்க. எங்க வீட்டுக்காரர் மெல்ச்சோரோடது. ஆட்டு வாசனை அடிக்கும். சிட்டு ஒண்ணும் சொல்லாது, நீங்களும் சொல்லாதீங்க.

காலையிலேர்ந்து நீங்க "வாள்மூக்கன், வாள்மூக்கன்"னு கத்துறப்பல்லாம் நான் அடுப்ப விட்டுட்டு ஓடி வர்றேன். வந்து பாத்தா சுங்கக்காரன் உக்காந்திருக்கான். நான் வெச்ச பேருதான் தம்பி அது. அந்தா, குப்பிக்கு மேல கிளையில உக்காந்து யாரையும் சர்க்கரைத்தண்ணி குடிக்கவிடாம வெரட்டுறான் பாருங்க, காதோரம் ஊதா இறகு. கோவம் வந்தா அந்த ரெண்டு காதையும் விரிப்பான். தானும் குடிக்க மாட்டான், பாதி நேரம். எல்லையில நிக்கிற அதிகாரி மாதிரி சும்மா மத்தவங்களத் தடுக்குறதுலயே அவனுக்கு வயிறு ரொம்பிடும்.

புத்தகத்துல பச்சைன்னு போட்டிருக்கா? போட்டிருக்கும். ரீங்காரச்சிட்ட நிறத்த வெச்சுக் கண்டுபிடிக்கப் பாக்குறவங்களுக்குத்தான் மொதல்ல தலைவலி வரும். மேகம் மூடியிருந்தா கறுப்பு, வெயில் பட்டா பச்சை, கழுத்தத் திருப்புனா ஊதா. என் நாத்தனார் மாதிரி, ஆளுக்கு ஒரு நிறம் காட்டும். உருவத்தப் பாருங்க, மூக்கு நீளத்தப் பாருங்க, யாரு யாரத் துரத்துறான்னு பாருங்க. காலுக்கு வெள்ளைப் பஞ்சு உருண்டை கட்டுனாப்ல ஒண்ணு வரும், அது பயந்தாங்கொள்ளி. பூவுல தொங்கிக்கிட்டே குடிக்கிறது ஒண்ணு, அது பெருசு, சோம்பேறி. அதுக்கு நான் மெல்ச்சோர்னு பேரு வெச்சிருக்கேன். அவருக்குத் தெரியாது.

வாள்மூக்கன்னா நீங்க இப்படிக் கண்ணச் சுருக்கிச் சந்தேகப்படவே வேண்டாம். உடம்ப விட மூக்கு நீளம் தம்பி. உக்காந்தா மூக்க மேல தூக்கித்தான் வெச்சிருக்கும், இல்லன்னா பாரம் தாங்காம முன்னால கவுந்துடும். கோதிக்கிறதுக்குக்கூட மூக்கு உடம்புக்குத் திரும்பாது பாவம், காலாலயே சொறிஞ்சுக்கும். ஆண்டவன் ஏதோ கவனமில்லாம இழுத்துக்கிட்டே போயிட்டான்போல... ஆனா அது வந்து நின்னா, அடடா, மத்ததெல்லாம் ஈ மாதிரி ஆயிடும்.

என்ன? போர்டா? ஆமா, ரோட்டுல போர்டு இருக்கு. "வாள்மூக்கன் இங்கே"ன்னு படத்தோட இருக்கு. பொய் இல்ல தம்பி அது, பழசு. வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. தினமும் காலையில மூடுபனி விலகுறப்ப, நான் மாட்டுக்குப் புல்லு போட்டுட்டுத் திரும்புறப்ப, என் தலைக்கு மேலயே விர்ருன்னு போகும். இப்ப வர்றதில்ல. ஏன் வர்றதில்லன்னு கேளுங்க. கேக்காட்டியும் சொல்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்காளே ஹெர்லிந்தா, அவ திருடிட்டா.

சிரிக்காதீங்க. பறவையத் திருட முடியுமான்னா, ஹெர்லிந்தாவால முடியும். இப்ப வர்ற கார் எல்லாம் என் போர்டப் பாத்துத் திரும்புது, கொஞ்ச நேரம் இங்க உக்காருது, அப்புறம் அவ வீட்டு வாசல்ல போய் நிக்குது. நான் வெல்லத்தண்ணி காய்ச்சி, சீஸ் வெட்டி வெச்சு, சோளம் வறுத்துக் குடுக்குறேன். திங்கிறது இங்க, படம் எடுக்கிறது அங்க. இந்தாங்க, நீங்களும் சாப்பிடுங்க, ஆறிடும்.

ஆதியிலேர்ந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். குப்பியில எவ்வளவு சர்க்கரை கரைச்சு வெச்சாலும் என் வாள்மூக்கன் திரும்பிப் பாக்காது. அதுக்கு நீளப் பூதான் வேணும். அந்தா, அந்த அடிமரம் தெரியுதா? அங்க ஒரு குவாந்தோ மரம் நின்னுச்சு. ஊமத்தம்பூவத் தலைகீழாத் தொங்கவிட்டாப்ல பூக்கும், செவப்பும் மஞ்சளுமா, ஒரு சாண் நீளம். வாள்மூக்கன் அடியில வந்து நின்னு, மூக்க அப்படியே பூவுக்குள்ள ஏத்தும். அந்த மரத்தடியில தூங்கக் கூடாதுன்னு எங்க பக்கத்துல சின்னப் புள்ளைக்கும் தெரியும். தூங்கி எந்திரிச்சா புத்தி பேதலிச்சுடும்.

ஆனா மெல்ச்சோர் தூங்கினார். மத்தியானம் சாப்பிட்டுட்டு, தொப்பிய முகத்துல கவுத்துக்கிட்டு. எந்திரிச்சு வந்து என்ன சொன்னார் தெரியுமா? ஞாயித்துக்கிழமை கோயில் விருந்துல ஹெர்லிந்தா வெச்ச உருளைக்கிழங்கு சூப்பு ரொம்ப நல்லாருந்துச்சுன்னார். என் மூஞ்சியப் பாத்தே சொன்னார். அந்தச் சூப்ப நல்லாருக்குன்னு சொல்றதுக்கு மனுஷனுக்குப் புத்தி எவ்வளவு கலங்கியிருக்கணும்? பாலு திரிஞ்ச தண்ணி அது. வேற எதுவும் அவருக்குத் தப்பாப் போகல, மாட்டப் பேரு சொல்லித்தான் கூப்பிட்டார், தள்ளாடாம நடந்தார். சூப்பு விஷயத்துல மட்டும் கலங்கியிருந்துச்சு.

பொறுக்குமா எனக்கு? அன்னிக்கே அரிவாள எடுத்து மரத்த வெட்டிட்டேன். வாள்மூக்கன் அப்ப வந்துச்சு. நான் வெட்டுறத, அதோ அந்தக் கம்பியில உக்காந்து மூக்கத் தூக்கிக்கிட்டுப் பாத்துச்சு. கோவத்துல எனக்குக் கண்ணு தெரியல. கிளையெல்லாம் கெடந்துச்சா, எரிச்சா அந்தப் புகையும் புத்தியக் கலக்கும். சரி, சூப்பு அங்கேருந்துதானே வந்துச்சு, அவங்க வீட்டுலயும் கொஞ்சம் புத்தி கலங்கட்டுமேன்னு மொத்தத்தையும் வாரி வேலிக்கு அந்தப் பக்கம் வீசிட்டேன்.

வீசுன மரம் காய வேண்டியதுதானே? நியாயமான மரம்னா காயும். இது மழையில வேர் விட்டுடுச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, வேலி ஓரமா வரிசையா முளைச்சு நிக்குது. இப்ப எல்லாமே பூத்துத் தொங்குது. ஹெர்லிந்தா ஒரு சொம்பு தண்ணி ஊத்தியிருப்பாளா? மாட்டா. என் மரம், என் கை வெட்டுனது, என் கை வீசுனது, அப்ப பறவையும் என்னுதுதானே? பஞ்சாயத்துலயும் இதையேதான் சொன்னேன். தலைவர் இருமுற மாதிரி வாயப் பொத்திக்கிட்டார். மெல்ச்சோரும் இருமினார்.

நானும் புதுசாக் கிளை நட்டுப் பாக்கலாம்னா அவகிட்டப் போய்க் கிளை கேக்கணும். நாக்கு எழும்பல. காலையில புல்லு போட்டுட்டு வர்றப்ப இன்னமும் தலைய நிமித்திப் பாத்துடுறேன் தம்பி. வெக்கமாத்தான் இருக்கு. ஒரு சிட்டுக்காகப் பொம்பள மனசு இவ்வளவு வலிக்குமான்னு தோணுது. வலிக்குது.

எங்க எந்திரிக்கிறீங்க? சோளம் மிச்சம் இருக்கு. பைய ஏன் மாட்டுறீங்க... ஓ. ம். போங்க, எல்லாரும் போறதுதான். நீலக் கதவு, நாய் கட்டியிருக்கும். மூடுபனி விலகுது, இப்பத்தான் அது வர்ற நேரம். வேகமாப் போங்க.

தம்பி... கொஞ்சம் நில்லுங்க. அந்தப் போன்ச்சோவ இப்படிக் குடுங்க, உங்க தொப்பியையும். தூரக்கண்ணாடிய என் கழுத்துல மாட்டுங்க. குயாகில்லேர்ந்து கூட வந்த அத்தைன்னு சொல்லுங்க, குளிர்ல தொண்டை கட்டிருச்சுன்னு சொல்லுங்க. நான் வாயத் திறக்க மாட்டேன், சத்தியமா. அவ சூப்பு குடுத்தாக்கூடக் குடிச்சுடுறேன்.