புஷ்பமேரி குடித்த இளநீர்

பெயர் அன்புக்கரசி, வயது 38, கணவர் பெயர் சேவியர், குடியிருப்பு திண்டுக்கல் நாகல்நகர். தனியார் நூற்பாலை ஒன்றில் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் வேலை பார்த்து வருகிறேன். இறந்துபோன புஷ்பமேரி என் உடன்பிறந்த தங்கை. தாய் தந்தை இல்லாததால் அவளை மேட்டுப்பட்டியில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் பிராங்கிளினுக்குக் கட்டிக்கொடுத்தது நானும் என் கணவரும்தான். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

சென்ற ஆண்டு தங்கைக்கு முகமும் காலும் வீங்கி, மருத்துவமனையில் காட்டியதில் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டதாகக் கூறினார்கள். அதன் பிறகு திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் டயாலிசிஸ் செய்து வந்தோம். அந்த மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்லும் இசைவாணி என்பவர் என்னையும் பிராங்கிளினையும் உட்காரவைத்து, எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று விளக்கினார். உப்பில் உள்ள சோடியம் உடம்பில் நீரைத் தேக்கும் என்றும், பாலிலும் கடலையிலும் உள்ள பாஸ்பரஸ் கூடினால் எலும்பிலுள்ள கால்சியம் கரையும் என்றும் சொன்னார். எல்லாவற்றையும்விடப் பொட்டாசியம்தான் ஆபத்து என்றார்.

"பொட்டாசியம் கெட்டது இல்லங்க. நெஞ்சு துடிக்கிறதுக்கே அது வேணும். நமக்கு மிஞ்சினது ஒண்ணுக்குல போயிரும். இவங்களுக்குப் போக வழியில்ல, ரத்தத்துலயே தங்கும். ரொம்பத் தங்குனா நெஞ்சு நின்னுரும்" என்றார். இளநீர், வாழைப்பழம், தக்காளி கூடாது, காய்களை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்றும் சொன்னார். பிரஷர்காரர்களுக்கென்று கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியத்தைச் சேர்த்திருப்பார்கள், அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது என்றும் எச்சரித்தார்.

அப்போது பிராங்கிளின், "மேடம், தெரியாம சாப்ட்டுட்டா எவ்வளவு நேரத்துல காட்டும்? வலிக்குமா?" என்று கேட்டார். இசைவாணி என்னைப் பார்த்து, "இம்புட்டு அக்கறையா கேக்குற வீட்டுக்காரர நான் பாத்ததில்ல" என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது.

அதன் பிறகு என் சிறுநீரகத்தில் ஒன்றைத் தருவதாகச் சொன்னேன். பரிசோதனைகள் பொருந்தின. கடந்த மாதம் உறுப்பு மாற்றுக்கான அரசுக் குழுவின் அனுமதி கிடைத்தது. செய்தி வந்ததும் தங்கை என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிராங்கிளின் எழுந்து வெளியே போய்விட்டார்.

இந்நிலையில் சென்ற புதன்கிழமை தங்கை எனக்குப் போன் செய்து, "மிஷின் ரிப்பேராம்க்கா, வெள்ளிக்கிழமை வந்தாப் போதும்னு சொல்லிட்டாகளாம். அவருதான் விசாரிச்சாரு" என்றாள். நான் நம்பினேன். வெள்ளிக்கிழமை காலையில் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை என்று பக்கத்து வீட்டு நாகஜோதி எனக்குத் தகவல் சொன்னார். நானும் என் கணவரும் அவர் ஓட்டும் வேனில் அவளை ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பிராங்கிளின் கடையைத் திறந்துவிட்டு வருவதாகச் சொன்னார்.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், ஐந்துக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் எட்டுக்கு மேல் இருப்பதாகச் சொல்லி, இதயத்தைக் காக்கக் கால்சியம் ஊசி போட்டார். என்ன சாப்பிட்டாய் என்று தங்கையிடம் கேட்டேன். நாக்கு குழற, ஆனால் நினைவோடுதான் பேசினாள். "நேத்து இளநி வாங்கியாந்தாருக்கா. அவரே வெட்டி, கிளாஸ்ல ஊத்தி, தலையத் தடவிக் குடுத்தாரு. கூடாதுன்னு தெரியும். கல்யாணம் ஆனதுல இருந்து எனக்குன்னு ஒண்ணும் வாங்கியாந்ததில்ல. வேணாம்னு சொல்ல மனசு வரல. நீ அவர வையாதக்கா" என்றாள். டயாலிசிஸ் மிஷினில் சேர்ப்பதற்குள் அவள் இதயம் நின்றுவிட்டது. நோயால் இறப்பு என்று எழுதி உடலைக் கொடுத்துவிட்டார்கள். பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை.

மறுநாள் சவப்பெட்டியைத் தூக்கும் நேரத்தில் நிலக்கோட்டையிலிருந்து சூசைமாணிக்கம் என்ற பூ வியாபாரி பெரிய மல்லிகை மாலையோடு வந்தார். அவரை நான் முன்பின் பார்த்ததில்லை. வாசலில் நின்ற என்னிடம், "மாப்பிள்ளையோட அம்மாவா தவறினது?" என்று கேட்டார். இல்லை, அவர் மனைவி என்றேன். "மொதத் தாரம் இறந்து வருசம் ஆச்சுன்னு சொன்னாரே? வர்ற மாசம் எம் மகளுக்கும் அவருக்கும் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கிறதா இருக்கமே" என்றார். பிறகு உள்ளே போய் என் தங்கையின் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மாலையை அவள் காலடியில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார். அதற்குள் பெட்டியைத் தூக்கிவிட்டதால் என்னால் யாரையும் எதுவும் கேட்க முடியவில்லை.

அடக்கம் முடிந்ததும் தங்கையின் துணிமணிகளை எடுக்க அந்த வீட்டுக்குப் போனேன். அடுப்படிக் குப்பைக்கூடையில் சோடியம் குறைந்த உப்பின் காலி பாக்கெட் கிடந்தது. ஜாடியிலிருந்த உப்பை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசந்தது. கொல்லையில் இளநீர்க் கூடுகள் கிடந்தன. உடனே இசைவாணிக்குப் போன் செய்தேன். புதன்கிழமை மிஷின் நன்றாகத்தான் இருந்தது என்றும், தங்கை வராததால் போன் செய்தபோது, அவளைச் சொந்த ஊருக்குக் கூட்டிப்போவதாகப் பிராங்கிளின் சொன்னார் என்றும் தெரிவித்தார்.

அதன் பிறகு முன்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிராங்கிளினிடம் போய்க் கேட்டேன். அவர் இலையைவிட்டு எழுந்திருக்கவில்லை. "இளநி வாங்கிக் குடுத்தான்னு எந்த ஸ்டேஷன்ல போய்ச் சொல்லுவீக மதினி? சிரிப்பாக. நீங்க கிட்னி குடுத்தா அவ பொழச்சுக்குவா. அப்புறம்? இன்னும் இருவது வருசம் நான் மாத்திரை எடுத்துக் குடுத்துக்கிட்டே இருக்கணுமா? அவ ரெண்டாவது இளநியும் கேட்டு வாங்கித்தான் குடிச்சா. சந்தோசமாத்தான் போனா" என்றார். என் கணவரும் நாகஜோதியும் அப்போது அருகில் இருந்தார்கள்.

பாக்கெட்டையும் ஜாடியையும் துணியில் கட்டி இத்துடன் ஒப்படைத்துள்ளேன். தங்கையின் உடலைத் தோண்டியெடுத்துப் பரிசோதிக்க எனக்குச் சம்மதம். நான் செருப்பால் அடித்ததில் தன் உதடு கிழிந்து இரண்டு தையல் போட்டிருப்பதாகப் பிராங்கிளின் என்மீது புகார் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். அடித்தது உண்மை. என் கணவர் பிடித்து இழுக்கும்வரை அடித்தேன். அதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டியோ குறைத்தோ எதுவும் சொல்லவில்லை.

(ஒப்பம்)
சே. அன்புக்கரசி