நாற்பத்திரண்டு, வெஸ்ற் ஸ்ரீற்

எட்டாம் ஹென்றிக்கு எத்தனை மனைவிகள் என்பதெல்லாம் எங்கள் மேசையில் ஒரு கேள்வியே இல்லை. "அது தேத்தண்ணி குடிக்கிற நேரம் கேக்கிற கேள்வி" என்று உன் அப்பா சொல்லுவார்.

வினுஷா, அம்மாவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னாய். சொல்லிவிட்டுப் போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டாய். "அங்கிள், ஆஸ்பத்திரி வோர்ட்டில நேர்ஸ் வீடு எங்க எண்டு கேட்டா அப்பா நாப்பத்திரண்டு, வெஸ்ற் ஸ்ரீற் எண்டுறாராம். அப்பாவும் அம்மாவும் முந்தி லண்டனில இருந்தவையோ?" நான் தெரியாது என்றேன். எனக்குத் தெரியும். மலருக்கு எழுத உட்கார்ந்தால் இதுதான் வருகிறது. இதை மலரில் போட வேண்டாம்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஹோம்புஷ் மண்டபத்தில் எங்கள் மூத்தோர் சங்கத்தின் பொது அறிவுப் போட்டி நடக்கும் என்பது உனக்குத் தெரியும். கேள்விகள் எல்லாம் சங்கத்தைத் தொடங்கியவர் லண்டனிலிருந்து கொண்டுவந்த ஒரு தடித்த புத்தகத்தில் இருந்துதான். அவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிவிட்டது. வேறு புத்தகம் வாங்குவோம் என்று ஒருவரும் யோசித்ததில்லை. அதனால் தேம்ஸ் நதியின் பாலங்களை நாங்கள் வரிசையாகச் சொல்லுவோம். இங்கே பக்கத்தில் ஓடுகிற பரமட்டா ஆற்றுக்கு எத்தனை பாலம் என்று கேட்டால் முழிப்போம்.

ஒரு மேசைக்கு இரண்டு பேர். அப்பா சொல்லுவார், நான் எழுதுவேன். என் கையெழுத்து நல்லது, அவ்வளவுதான் என்னிடம் இருந்தது. முப்பது வருடம் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கினேன். என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. உன் அப்பா மகேந்திரராஜா அண்ணை என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்ட பிறகுதான், மண்டபத்துக்குள் நான் நுழையும்போது "வாங்கோ சம்பியன்" என்று ஆட்கள் எழும்பிக் கதிரை தந்தார்கள். அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதைச் சொல்ல இப்போது கூசுகிறது. வருடத்தின் இறுதிப் போட்டி வைகாசியில், வெல்கிறவர்களுக்கு ஒரு கப். போன வருடமும் அதற்கு முந்திய வருடமும் அது எங்களுக்கு. மூன்று வருடம் தொடர்ந்து வென்றால் கப்பைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை.

கார்த்திகை மாதமளவில் மண்டபத்தில் அண்ணை என்னிடம் கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டார். பத்து வருடமாகப் போய்வருகிற கழிவறை. காட்டினேன். திரும்பி வந்து உட்கார்ந்து, மாக்னா கார்ட்டா ஆயிரத்து இருநூற்றுப் பதினைந்து என்று கேள்வி முடிய முதலே சொன்னார். அரைமணித்தியாலம் கழித்து மறுபடியும் கழிவறையைக் கேட்டார். பழைய அரசர்கள் எல்லோரும் உள்ளே பத்திரமாக இருந்தார்கள். போட்டிக்கு அது போதும் என்று நான் நினைத்தேன்.

எங்கள் இரண்டு வீடும் நார்த்மீட்டில்தான். தை மாதம் என்னை என் வீட்டடியில் இறக்கிவிட்டுக் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது என் குப்பைத் தொட்டியில் மோதினார். தொட்டி விழுந்து உருண்டது. அவர் கண்ணாடியைக் கூடப் பார்க்கவில்லை. நான் ஓடிப்போய் நிமிர்த்தினேன். "தொட்டிதானே அண்ணை, பரவாயில்லை. அக்காவுக்குச் சொல்ல வேண்டாம்" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த மாதம் உன் அம்மா என்னைத் தேடி வந்தா. விமலாதேவி அக்கா எதையும் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

"தம்பி, இவருக்கு மறதி கூடிக்கொண்டு வருது போல கிடக்கு. லைசன்சுக்கு டொக்ரரிட்டப் போகேக்க நானும் போய்ச் சொல்லட்டோ? வினுஷா எங்களை மெல்பேர்னுக்கு வரச்சொல்லி ஒரே நெருக்குறாள்."

"அக்கா, போன சனிக்கிழமை முப்பது கேள்வியில இருபத்தெட்டுச் சொன்னவர். மறதிக்காரன் சொல்லுவானோ?"

"அப்பிடியோ?"

"ஓம். நீங்கள் ஏன் அலையிறியள்? டொக்ரரிட்ட நான் கூட்டிக்கொண்டு போறன்."

இருபத்தெட்டு என்றது பொய்யில்லை. அக்காவின் முகம் தெளிந்தது. "நீர் பக்கத்தில இருக்கிற ஆள், உமக்குத் தெரியாததே" என்றுவிட்டுப் போனா. எங்கள் ஆட்களிடம் இது ஒரு பழக்கம். ஒருவன் வருடங்களையும் பெயர்களையும் மளமளவென்று சொன்னால் அவன் தலை நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவோம். அந்தப் பழக்கம் அன்றைக்கு எனக்கு உதவியது.

எழுபத்தைந்து தாண்டினால் கார் லைசன்சுக்கு வருடாவருடம் டொக்டர் படிவம் நிரப்ப வேண்டும். போன வருடம் டொக்டர் என்னென்ன கேட்டார் என்று அண்ணை மண்டபத்தில் பகிடியாகச் சொல்லியிருந்தார். "பத்துக் கேள்வி. எங்கட புத்தகத்தில இருந்து எடுத்த மாதிரி. இப்ப ராசமுடி ஆருக்கு, முதலாம் உலகப் போர் எப்ப துவங்கினது, இருபதில இருந்து பின்னுக்கு எண்ணு. ஒரு விலாசத்தைச் சொல்லிப்போட்டு, கடைசியில திருப்பிக் கேக்கிறார்." எல்லோரும் சிரித்தார்கள். நான் வழக்கம்போலப் பத்தையும் கொப்பியில் எழுதி வைத்தேன். அந்த விலாசத்தையும்.

இனி உனக்கு விளங்கியிருக்கும்.

இரண்டு கிழமை, ஒவ்வொரு நாள் காலையும் பூங்காவைச் சுற்றி நடந்தபடி சொல்லிக் கொடுத்தேன். இறுதிப் போட்டிக்குப் பயிற்சி என்று அவர் நினைத்தார். நான் மறுக்கவில்லை. போர் தொடங்கிய வருடத்தை நித்திரையிலும் சொல்லுவார். முடி யாருக்கு என்றால் மகாராணி எலிசபெத் என்றார். சார்ள்ஸ் என்று பதிய ஐந்து நாள் பிடித்தது. விலாசம்தான் லேசில் நிற்கவில்லை. நாற்பத்திரண்டு, வெஸ்ற் ஸ்ரீற். நாற்பத்திரண்டு, வெஸ்ற் ஸ்ரீற். ஒன்பதாம் நாள் நான் கேட்காமலே சொன்னார். அன்றைக்கு அவருக்குச் சாப்பிட ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு முறை சொன்ன பிறகும் சரியா பிழையா என்று என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையாட்டினால் குழந்தை மாதிரிச் சந்தோஷப்படுவார்.

டொக்டர் கையெழுத்து வைத்தார். நான் வெளியே கதிரையில் இருந்தேன். நீ அந்த டொக்டருக்கு எதிராக முறைப்பாடு எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர் கேட்ட பத்துக்கும் அவருக்குச் சரியான விடை கிடைத்தது. அவரில் பிழை இல்லை.

அக்கா எனக்குப் போன் எடுத்தா. "நான்தான் வீணாப் பயந்திட்டன் தம்பி" என்று சிரித்தா. அவவின் அந்தச் சிரிப்பை நான் நினைத்துக்கொள்ளாத நாள் இல்லை.

வைகாசி முதல் சனிக்கிழமை நாங்கள் வென்றோம்.

அடுத்து வந்த வியாழக்கிழமை என்ன நடந்தது என்று பொலிஸ் உனக்குச் சொன்னது முழுவதும் இல்லை. அப்பா எங்கே போக வெளிக்கிட்டார் என்று அவர்களுக்குத் தெரியாது. என்னை ஏற்ற வெளிக்கிட்டார். கப்பில் பெயர் வெட்டக் கொடுக்க வேண்டும், பத்து மணிக்குப் பிறகு பரமட்டாக் கடையில் சனம் கூடிவிடும், கெதியாக வாங்கோ அண்ணை என்று நான்தான் போனில் சொன்னேன். அவர் அவசரப்பட்டார். அன்று குப்பை எடுக்கிற நாள். அக்கா தெருவிலிருந்து தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறா.

ஐந்து நிமிடத்தில் என் வாசலில் கார் நின்றது. ஏறி உட்கார்ந்தேன். கப் மடியில் இருந்தது.

"தொட்டியில முட்டிப்போட்டன், சிவபாலன்" என்றார்.

இறங்கிக் காரின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பார்த்தால் திரும்பிப் போக வேண்டி வரலாம் என்றும் தோன்றியது. "தொட்டிதானே அண்ணை, பரவாயில்லை" என்றேன். அதே வார்த்தைகள்தான். அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். நாங்கள் பரமட்டாவுக்குப் போனோம். பெயர் வெட்ட நாற்பது நிமிடம் எடுத்தது. எழுத்து அழகாக விழுகிறதா என்று நான் கிட்ட நின்று பார்த்தேன்.

கார் பாதையில் கிடந்த அக்காவைப் பக்கத்து வீட்டுப் பெண் கண்டபோது பத்தரை. அப்போதும் உயிர் இருந்தது என்று ஆம்புலன்ஸ்காரர் சொன்னதை நீதான் எனக்கு அழுதுகொண்டே சொன்னாய். நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கம் என்ற சொல் இதற்குப் போதாது. ஆனால் வேறு சொல் தெரியவில்லை.

நீ அப்பாவைப் பார்க்க வோர்ட் வாசல் வரைக்கும் வந்துவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போகிறாய். அம்மாவைக் கொன்ற ஆள் என்று அவரைப் பார்க்காதே. அவர் கையில் இருந்தது ஸ்டியரிங் மட்டும்தான். அந்தக் காலையில் அவரை அங்கே உட்கார வைத்தது நான். ஒரு கப்புக்காக. அது இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது, பெயர்கள் இரண்டும் நன்றாக விழுந்திருக்கின்றன. இந்தக் கடிதத்தின் பிரதியைத் திங்கட்கிழமை பொலிசிடம் கொடுக்கிறேன். கொப்பியையும் கொடுக்கிறேன்.

இந்த மூன்று ஞாயிறும் அவரைப் போய்ப் பார்த்தேன். போன ஞாயிறு பக்கத்தில் ஒருவரும் இல்லாத நேரம், நான் பழுதாக்கியதை நானே திருத்தலாம் என்று நினைத்தேன். நார்த்மீட் என்று ஒரு தடவை அவர் வாயால் வந்தால் போதும்.

"அண்ணை, உங்கட வீடு எங்க?"

"நாப்பத்திரண்டு, வெஸ்ற் ஸ்ரீற்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், சரியா பிழையா என்று. நான் தலையாட்டினேன்.