சைட்டுக்குள் மட்டும்

போன வாரம் அந்தமானில், ஹேவ்லாக் தீவுக்குப் போகும் கப்பலுக்காக ஜெட்டி வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் இருந்த கான்ட்ராக்டர் ஒருவர் தன்னைவிட மூத்த நண்பரிடம் சொன்னார்: "மிஷினுக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்குண்ணே. கடல்ல மட்டும் விழாம இருந்திருந்தா காசு வந்திருக்கும்."

"அரே, காங்கிரீட் மிக்சரா? எப்படி விழுந்துச்சு?"

"படகுல இருந்து இறக்கும்போது கயிறு அறுந்துடுச்சு. பாலிசி சைட்டுக்குள்ள மட்டும்தான் செல்லுமாம்."

"கட்டட வேலை இன்சூரன்ஸ் மட்டுமே பார்க்கிற புரோக்கரை உங்கிட்ட அனுப்பினேனே?"

"வந்தாரு. மெயின்லேண்ட்ல இருந்து சாமான் எப்படி வருதுன்னு கேட்டாரு. பறந்து வருதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"ஷாபாஷ்! அப்புறம் யார்கிட்ட எடுத்தே?"

"மச்சினன்கிட்ட. வீட்டு ஸ்கூட்டருக்கெல்லாம் அவன்தான் போடுவான்."

"பிரமாதம். மிக்சருக்கும் சக்கரம் இருக்கே."

கான்ட்ராக்டர் சிரிக்கவில்லை. "நான் கட்டிட்டிருக்கிற ரிசார்ட்டோட ஓனர் வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்கறாரு" என்று சொல்லிவிட்டுக் கடலையே பார்த்தார்.

"மச்சினன் என்ன சொல்றான்?"

"எப்படியாவது மிஷினைத் தூக்கி சைட்டுக்குக் கொண்டு வந்துடுங்க மாமா, அங்க வச்சு ஏதாவது ஆச்சுன்னா உடனே கிளைம் போட்டுடலாம்கறான்."