எடுத்தாயிற்று

2025ஆம் ஆண்டு செப்டம்பர் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடத்திற்கு, எங்கள் கராஜுக்கு முன்னால் நின்ற கேம்பர் வேனின் முதல் திருகாணியை நான் கழற்றினேன். அது திரைச்சீலைக் கம்பியைத் தாங்கிய திருகாணி. பழைய திருகாணியைக் கழற்றுமுன் அதன் தலையில் படிந்த அழுக்கை ஊசியால் சுரண்டி நீக்கிவிட வேண்டும். பலர் அதைச் செய்வதில்லை. பிறகு திருகாணி மழுங்கிவிட்டது என்று அதன்மேல் பழி போடுவார்கள்.

என் பெயர் வெர்னா ஹால்வர்சன். வயது எழுபத்தாறு. மினசோட்டாவின் வடக்கு மூலையில் உள்ள இந்த ஊரின் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தெட்டு ஆண்டுகள் இலக்கணம் கற்பித்தேன். திரு. ஓடெகார்ட், இன்று நீங்கள் உதவி ஷெரிஃப். அன்று மூன்றாம் வரிசையில் அமர்ந்த மாணவர். வாய்மொழியாகச் சொல்லாமல் நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டதற்குக் காரணம், நெப்ராஸ்காவிலிருந்து வந்த அறிக்கையின் நான்காம் பக்கத்தில் உள்ள ஒரு வாக்கியம். அதனை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

வேன் என் தங்கை மேவிஸுடையது. அவளுக்கு எழுபத்தொரு வயது. கணவர் இறந்தபின் என் வீட்டுக்கு வந்தாள். பதினோரு ஆண்டுகள் என்னுடன் இருந்தாள். இந்தக் கோடையில், ஒரு பண்ணை வீட்டுக் கொட்டகையில் கிடந்த முப்பத்தெட்டு வயது வேனை வாங்கி வந்து நிறுத்தினாள். குளிர்காலத்தை அரிசோனாவில் கழிக்கப்போவதாகச் சொன்னாள். நான் ஏன் என்று கேட்டேன்.

"உன் வீட்டுல ஸ்பூன்கூட வலப்பக்கமாத்தான் படுக்கணும், அக்கா. எனக்குக் கொஞ்சம் குறுக்க நெடுக்கப் படுக்கணும்னு ஆசை."

ஸ்பூன்களை ஒரே திசையில் வைத்தால் இழுப்பறை எளிதில் மூடும். இதனை அவளிடம் விளக்கினேன். அவள் சிரித்தாள்.

வேனின் உட்புறம் பார்க்கத் தகுந்ததாக இல்லை. சுவரெல்லாம் பழுப்புக் கம்பளம். மரத்தூள் பலகையால் செய்த அலமாரிகள் ஈரத்தில் ஊதிப்போயிருந்தன. குளிர்பெட்டியின் கதவு நிற்கவில்லை. கட்டிலுக்கு அடியில் எரிவாயுவில் ஓடும் சிறிய ஹீட்டர் ஒன்று. அதன் புகைக்குழாய் ஒரு பலகைக்குப் பின்னால் சென்று வேனின் பக்கவாட்டில் வெளியேறியது. எதிர்வீட்டு ஆர்லோ நிமி உதவிக்கு வந்தார். அவர் ஓய்வுபெற்ற தச்சர். கை நேர்த்தியானது, வாய் அப்படியல்ல.

எதை அகற்றுவது, எதை விட்டுவைப்பது என்பதில் குழப்பம் நேரக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு பொருளின்மீதும் நீல நாடா ஒட்டி, "கழற்றவும்" அல்லது "இருக்கட்டும்" என்று எழுதினேன். கராஜ் கதவில் ஒரு பட்டியலும் ஒட்டினேன். பொருள், செய்ய வேண்டியது, செய்தது என மூன்று பத்திகள்.

"மேவிஸு, உங்க அக்கா சர்ச்சுல பாதிரியார் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடுவாங்கபோல இருக்கே," என்றார் ஆர்லோ.

"எதுன்னு ஒட்டுவா?"

"அது அவர் பிரசங்கம் எவ்வளவு நீளம்கிறதப் பொறுத்தது."

இருவரும் நெடுநேரம் சிரித்தார்கள். நான் சிற்றுண்டித் தட்டை எடுக்க உள்ளே சென்றேன். தபால்காரர் வந்தார், அவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்று மாலை கம்பளிச் சட்டையைக் கழற்றியபோதுதான் என் முதுகில் நீல நாடா ஒட்டியிருப்பதைக் கண்டேன். மேவிஸின் கையெழுத்து. "கழட்டவும்" என்று எழுதியிருந்தாள். எழுத்தில் அது கழற்றவும் என்றே வர வேண்டும். பேனாவை எடுத்துத் திருத்தினேன். அந்த நாடா இப்போதும் என் மேசையில் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். நான் அதனால் கோபமடைந்தேன் என்று ஆர்லோ உங்களிடம் கூறியிருக்கிறார். கோபமில்லை. விளையாட்டு என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் நண்பகல் ஆர்லோ உணவுக்காக வீட்டுக்குப் போயிருந்தார். மேவிஸ் சமையலறையில் இருந்தாள். ஆர்லோவின் முழங்கால்கள் மடங்காதவை. ஆகவே கட்டிலடிப் பலகை என் பொறுப்பு. ஆறு திருகாணிகள். பலகையை எடுத்தபோது ஹீட்டரின் புகைக்குழாயைப் பார்த்தேன். வளைவில் துரு தின்று, என் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதற்கு என்ன பொருள் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உறைந்த ஏரியின்மேல் மீன்பிடிக் குடில் போட்டு ஹீட்டர் வைத்து அமர்கிறவர்கள் நாம். அந்தப் புகைக்கு நிறமில்லை, மணமில்லை, தலைவலிதான் முதல் அறிகுறி என்பதை ஒவ்வொரு நவம்பரிலும் நானே வகுப்பில் எழுத வைத்திருக்கிறேன். நீங்களும் எழுதினீர்கள். "அறிகுறி" என்பதில் றகரத்தைத் தவறவிட்டீர்கள்.

பட்டியலில் கட்டிலடிப் பலகை இருந்தது. புகைக்குழாய் இல்லை. பலகையைத் துடைத்து, ஆறு திருகாணிகளையும் மீண்டும் முடுக்கினேன்.

ஆர்லோ திரும்பி வந்ததும் கேட்டார்: "ஹீட்டர் குழாயெல்லாம் பாத்தீங்களா, டீச்சர்?"

"பாத்தேன்."

அது உண்மை. இங்கே ஒருமுறை கேட்டுப் பதில் பெற்றபின் மறுபடி கேட்பது, பதில் சொன்னவரைப் பொய்யர் என்று அழைப்பதற்குச் சமம். நம் பெற்றோர் அப்படித்தான் வளர்த்தார்கள். நாமும் அப்படித்தான் வாழ்கிறோம். அவர் தலையசைத்துவிட்டு, மரம் அறுக்கப் போனார். சென்ற வியாழக்கிழமை நீங்கள் இதே கேள்வியை என்னிடம் இரண்டு முறை கேட்டீர்கள். எனக்கு வியப்பாக இருந்தது. செப்டம்பரில் யாரேனும் ஒருவர் இரண்டாம் முறை கேட்டிருந்தால், நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன். இதனை உறுதியாகக் கூற முடியும்.

இனி அலாரம். ஹீட்டருக்கு அருகில், முழங்கால் உயரத்தில், அந்த விஷவாயு வந்தால் ஒலிக்கும் அலாரம் ஒன்று இருந்தது. அதன் முதுகில் அச்சிட்டிருந்த தேதி கடந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தேதி கடந்த பொருளை நான் வைத்துக்கொள்வதில்லை. பதினோராம் தேதி அதைக் கழற்றினேன்.

"புதுசு ஒண்ணு எடுத்துடணும், டீச்சர்," என்றார் ஆர்லோ. "மத்த எது இல்லைன்னாலும் பரவால்ல, இது இல்லாம இவளப் போக விடக்கூடாது."

"நாளைக்குக் கடைக்குப் போறேன்," என்றேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். வந்து, பட்டியலின் பதினேழாம் வரியில், செய்தது என்னும் பத்தியில், "எடுத்தாயிற்று" என்று எழுதினேன். மேவிஸ் படித்தாள். அப்பால் சென்றாள்.

எடுத்தல் என்னும் வினைக்கு, இருந்த இடத்திலிருந்து நீக்குதல் என்றும் பொருள். கடையில் வாங்குதல் என்றும் பொருள். துணி எடுத்தாயிற்று என்று ஒருவர் சொன்னால், அவர் உடுத்தியிருந்ததைக் களைந்துவிட்டார் என்று நாம் எண்ணுவதில்லை. நான் எழுதிய சொல் இரண்டு பொருளிலும் உண்மையானது. பழைய அலாரத்தைக் கழற்றியிருந்தேன். புதியதை வாங்கியும் இருந்தேன். பொருத்தியது என்றொரு பத்தி அந்தப் பட்டியலில் இல்லை. முழுமையற்ற வாக்கியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எழுவாயும் செயப்படுபொருளும் இல்லாமல் எழுதுவதை நான் எந்த மாணவரிடமும் அனுமதித்ததில்லை.

புதிய அலாரத்தை என் படுக்கையறைச் சுவரில் பொருத்தினேன். இந்த வீட்டிலும் எரிவாயு அடுப்பு இருக்கிறது; நான் தனியாக இருக்கப்போகிறவள்.

மேவிஸ் அக்டோபர் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டாள். உள்ளே எல்லாம் புதிதாக இருந்தது. வெள்ளைச் சுவர், ஆர்லோ செய்த பிர்ச் மரக் கட்டில், மடக்கு மேசை. அவள் மேற்கூரையைச் சுட்டிக் காட்டினாள். அங்கே வட்டமான வெள்ளைப் பொருள் ஒன்றில் சிறிய பச்சை விளக்கு எரிந்தது.

"உன் அலாரம் எவ்வளவு அழகா இருக்கு பார். இதையும் நீதான் நேரா ஒட்டியிருப்ப."

அது தீப்பிடித்தால் ஒலிக்கும் புகை அலாரம். விஷவாயுவை அது அறியாது. ஆர்லோ ஒட்டியது. என் வாழ்நாளில் பிறர் பிழையொன்றைக் கேட்டும் திருத்தாமல் விட்டது அந்த ஒரு முறைதான்.

"போயிட்டு வா," என்றேன்.

"வர்றேன். ஏப்ரல்ல பனி உருகட்டும்."

நான் எண்ணியதை எண்ணியபடியே எழுதுகிறேன். இரண்டு நாளில் அவளுக்குத் தலைவலி வரும். தனியாக இருப்பதால் பயப்படுவாள். வயதான காலத்தில் இந்த அலைச்சல் நமக்கு ஒவ்வாது என்று புரிந்துகொள்வாள். திரும்பி வருவாள். ஒரு தலைவலி. அவ்வளவுதான் நான் அவளுக்கு வைத்தது. அதனைத் தீங்கு என்று சொல்வது மிகை என்றே கருதினேன்.

பதினேழாம் தேதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு இருபதுக்கு அவள் தொலைபேசியில் அழைத்தாள். அந்த உரையாடலை நான் இதுவரை உங்களிடம் கூறவில்லை. நீங்கள் நான்கு நிமிட அழைப்பு என்று மட்டும் அறிவீர்கள்.

"அக்கா, நேத்துலேர்ந்து தலை வலிக்குது. ஹீட்டர் போட்டா அதிகமாவுது. வெளிய வந்து நின்னா விட்டுடுது."

"எங்க நிக்கிற?"

"நெப்ராஸ்கால, ஒரு முகாம் திடல்ல. மழையும் ஐஸுமா கொட்டுது. இங்க என்னைத் தவிர ஈ காக்கா இல்ல. ஹீட்டர்ல ஏதாவது கோளாறோன்னு நினைச்சேன். ஆனா உன் அலாரம் பச்சையா எரிஞ்சுட்டுத்தான் இருக்கு. கத்தவே இல்ல."

"தலைவலின்னா திரும்பி வந்துடு."

"தலைவலிக்கெல்லாமா திரும்பி வருவாங்க?" அவள் சிரித்தாள். "அக்கா, நான் வர்றதா இல்ல. ஏப்ரல்லயும்தான். அங்கயே ஒரு இடம் பாத்துக்கலாம்னு இருக்கேன். நேர்ல சொல்ல தைரியம் வரல. கோச்சுக்காத."

கட்டிலடிப் பலகைக்குப் பின்னால் இருப்பதை அவளிடம் சொல்ல எனக்கு அப்போது நேரம் இருந்தது. நான் அவசரப்படவில்லை. யோசித்தேன்.

"ஜன்னல் திறந்திருக்கா?" என்று கேட்டேன்.

"லேசா திறந்து வெச்சிருக்கேன். விறைக்குது."

"சாத்திக்க. சளி பிடிச்சிருக்கும். ஹீட்டரப் போட்டுட்டு நல்லாத் தூங்கு."

"சரிங்க, டீச்சர்," என்றாள் மேவிஸ்.

மூன்று மணிக்குத் தேவாலயத்தின் அடித்தளத்தில் பெண்கள் குழுக் கூட்டம். நடவடிக்கைக் குறிப்பு எழுதும் முறை என்னுடையது. அன்று எழுதியதைச் சென்ற வாரம் மீண்டும் படித்துப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. மறுநாள் காலை முகாம் திடலின் பொறுப்பாளர் வேன் கதவைத் தட்டியிருக்கிறார். பிறகு நடந்தவை நெப்ராஸ்கா அறிக்கையில் உள்ளன.

அந்த அறிக்கையின் நான்காம் பக்கம், இரண்டாம் பத்தி, இவ்வாறு கூறுகிறது: "வாகனத்தில் விஷவாயு அலாரம் பொருத்தப்பட்டிருக்கவில்லை." செயப்பாட்டு வினை. செய்தவர் பெயரைச் சொல்ல விரும்பாதவர்கள் பயன்படுத்தும் வடிவம். விபத்து என்று முடித்துக் கோப்பை மூடப்போவதாக நீங்கள் சொன்னபோது, நன்றி கூறிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மூன்று இரவுகள் எனக்கு உறக்கமில்லை. உறக்கத்தைக் கெடுத்தது அந்த வாக்கியம்தான். மேவிஸைப் பற்றி எழுதப்பட்ட கடைசி வாக்கியங்களுள் அது ஒன்று. அதற்கு ஓர் எழுவாய் இருக்க வேண்டும்.

முறையாக எழுதினால் அது இப்படி அமையும். வெர்னா ஹால்வர்சன் அலாரத்தைக் கழற்றினார். புதிய அலாரத்தை வாங்கித் தம் அறையில் பொருத்திக்கொண்டார். குழாயில் ஓட்டை இருப்பதை அறிந்து அதன்மேல் பலகையை மூடினார். தங்கை திரும்பி வரமாட்டாள் என்று தெரிந்தபின், ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

இன்று, நவம்பர் ஐந்தாம் தேதி, புதன்கிழமை, முடிவானவற்றையும் குறித்துவிடுகிறேன். நெப்ராஸ்கா அறிக்கையைத் திருத்த உங்களுக்கு அதிகாரமில்லை. ஆகவே இந்த வாக்குமூலம் அதனுடன் இணைக்கப்படும். அரசு வழக்கறிஞர் கொலைக் குற்றம் சாட்டுவார், நான் மறுக்கப்போவதில்லை. வீட்டின் சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டேன். மேவிஸ் தன் சாம்பலை அரிசோனாப் பாலைவனத்தில் தூவ வேண்டும் என்று ஆர்லோவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். எனக்கு அது தெரியாது. அடுத்த வாரம் அவர் எடுத்துச் செல்கிறார். நான் ஆட்சேபிக்கவில்லை. தூவ வேண்டாம், கலயத்தோடு வைத்திருந்து, குளிர்காலம் முடிந்ததும் அவளை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று மட்டும் அவருக்கு எழுதியிருக்கிறேன்.