வீட்டு நோவு

முதல் வாரம் பிள்ளைகள் சரியாகச் சாப்பிட மாட்டார்கள். அதைப் பார்த்து யாரும் பதறத் தேவையில்லை. உப்புமாவைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுவார்கள், எங்கள் வீட்டில் இப்படி இருக்காது என்பார்கள். அந்த ரோசம் செவ்வாய்க்கிழமை வரைக்கும் தாங்கும். புதன்கிழமை காலையில் இரண்டாம் தடவையும் தட்டை நீட்டுவார்கள். பதினான்கு வருஷமாக இதைப் பார்த்து வருகிறேன்.

இன்ஸ்பெக்டர் மேடம், நடந்ததை என் கைப்படவே எழுதித் தரச் சொன்னீர்கள். நல்லதுதான். வாயால் சொன்னால் நீங்கள் குறுக்கே கேள்வி கேட்கிறீர்கள், எனக்குக் கோர்வை விட்டுப்போகிறது.

என் பெயர் செல்வலட்சுமி. வயது ஐம்பத்திரண்டு. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் வழியில், கரிசல்காட்டுக்கு நடுவே இருக்கும் எங்கள் உண்டு உறைவிடப் பள்ளியில் விடுதிக் காப்பாளர். இந்த வருஷம் ஆறாம் வகுப்பில் அறுபத்திரண்டு பெண்பிள்ளைகள் சேர்ந்தார்கள். எல்லோரும் முதல் தடவையாக வீட்டை விட்டு வந்தவர்கள்.

முதல் ஏழு நாளும் ஒரு பிள்ளைகூட வீட்டுக்குத் திரும்பக் கூடாது என்பது என் விதி. கன்றைப் பிரித்துக் கட்டினால் ரெண்டு நாள் கத்தும், பிறகு தானாகப் புல்லைத் தேடும். நடுவில் ஒரு தடவை அவிழ்த்துவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். ஒரு பிள்ளை மூட்டையைக் கட்டினால் மறுநாள் ஒன்பது பிள்ளைகள் கட்டும். என் காலத்தில் ஒரு பிள்ளையும் முதல் வாரத்தில் திரும்பியதில்லை. ஒவ்வொரு வருஷமும் பெற்றோர் கூட்டத்தில் எங்கள் தாளாளர் இதை மைக்கில் சொல்வார். எல்லோரும் கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடிக்கும், மறைப்பானேன்.

விதி என்று இருந்தால் அதற்கு வேலியும் வேண்டும். எங்கள் பள்ளிக்குக் காம்பவுண்டுச் சுவர் முக்கால்வாசிதான் எழும்பியிருக்கிறது. அதனால் சேர்ந்த அன்றே பிள்ளைகளின் செருப்பையெல்லாம் வாங்கிச் சாக்கில் கட்டிவிடுவேன். ஆனி வெயிலில், வேலிக்கருவை முள்ளில், வெறுங்காலோடு எந்தப் பிள்ளையும் பஸ் ஸ்டாப் வரை போகாது. ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வரும்போது திருப்பிக் கொடுத்துவிடுவேன். இதைக் கொடுமை என்று நீங்கள் சொன்னீர்கள். பூட்டிய அறையைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொன்று நோட்டு. அதன் அட்டையில் 'வீட்டு நோவு' என்று நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். முதல் வாரத்தில் வயிறு வலிக்கும், தலை சுற்றும், காது அடைக்கும், மூச்சுகூட முட்டும். எல்லாம் ஒரே நோவுதான். பெயரை எழுதி, என்ன சொல்கிறாள் என்று ஒரு சொல்லில் குறித்து, ஒரு கால்சியம் மாத்திரையைச் சப்பக் கொடுப்பேன். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்குக் கேட்டுவிடும்.

ஜீனா மணியாச்சிப் பிள்ளை. அப்பா மிக்கேல்ராஜுக்கு ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலை. தாய் இல்லை. திங்கட்கிழமை வந்து இறங்கும்போது எல்லாப் பிள்ளைகளும் அழுதன, இவள் மட்டும் அழவில்லை. மற்ற பிள்ளைகளுக்குக் கட்டில் துணி விரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சொன்னதைச் சொன்னபடி கேட்கிற பிள்ளை. எனக்கு அவளை மிகவும் பிடித்திருந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

புதன்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்குத் துணி துவைக்கிற கல் பக்கமிருந்து நொண்டிக்கொண்டே வந்தாள்.

"கால்ல என்னமோ சுருக்குன்னு குத்திட்டு டீச்சர். பாத்தா முள்ளு ஒண்ணையும் காணல."

குதிகாலுக்குக் கொஞ்சம் மேலே ரெண்டு சின்னப் புள்ளி இருந்தது.

"முள்ளுதாம்மா. கரிசக்காட்டுல முள்ளு குத்தாத காலு உண்டா? ஒடிஞ்சு உள்ள போயிருக்கும், தானா வந்துரும்" என்றேன்.

நோட்டில் 'ஜீனா — முள்' என்று எழுதி, மாத்திரை கொடுத்தேன். அவள் அதைச் சப்பிக்கொண்டே போனாள்.

அன்று சாயங்காலமே எல்லாப் பிள்ளைகளுக்கும் செருப்பைத் திருப்பிக் கொடுத்தேன். துணி துவைக்கிற கல் பக்கம் யாரும் போகக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். பதினான்கு வருஷமும் ஞாயிற்றுக்கிழமை கொடுத்த செருப்பை இந்த வருஷம் ஏன் புதன்கிழமையே கொடுத்தீர்கள் என்று நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள். ஒரு பிள்ளைக்கு முள் குத்திவிட்டது, மனசு கேட்கவில்லை என்று மூன்று தடவையும் சொன்னேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் நீங்கள் நம்பின மாதிரிதான் இருந்தது.

வியாழக்கிழமை கால் இன்னும் வீங்கியது. கல்லுப்பு போட்ட வெந்நீரில் காலை வைக்கச் சொன்னேன், நானே ஊற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமை பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது என்றாள். புது பிரஷ் அப்படித்தான் செய்யும் என்றேன். "சரி டீச்சர்" என்றாள். மற்ற பிள்ளைகளோடு இருந்தால் பார்த்துப் பயந்துகொள்வார்கள் என்று அவளை என் பக்கத்து அறைக்கு மாற்றினேன். நோட்டில் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. ஏற்கெனவே எழுதியாயிற்று, எழுதினதை அடித்து எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்குப் போனில் பேசலாம். மூன்று வாக்கியம் சொல்லிக் கொடுத்திருப்பேன். ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே நான் உட்கார்ந்திருப்பேன். ஜீனா மூன்றையும் ஒழுங்காகச் சொன்னாள்.

"நல்லாருக்கேம்ப்பா. நல்லா சாப்பிடுதேன். ஞாயித்துக்கெழம வாங்க."

"என்னட்டி, கொரலு ஒரு மாரியா இருக்கு?" என்றார் மிக்கேல்ராஜ்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"கால்ல முள்ளு குத்திட்டுப்பா."

"முள்ளுதானா? டீச்சர்ட்ட சொன்னியா?"

"சொல்லிட்டேம்ப்பா. டீச்சர் பாத்துக்கிடுதாவ."

"அப்பம் சரிட்டி. அவிய பாத்துக்கிடுவாவ."

போனை வைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு தகப்பன் இவ்வளவு நம்பிக்கை வைத்தால் யாருக்கும் கலங்கத்தான் செய்யும். அவள் எழுந்து போகும்போது, "அப்பா பயந்துட்டாவளோ டீச்சர்?" என்று கேட்டாள். பயப்படவில்லை என்றேன்.

சனிக்கிழமை மூக்கிலிருந்தும் ரத்தம் வந்தது. துண்டை நனைத்து வைத்துக்கொண்டு பகல் முழுக்கப் பக்கத்திலேயே இருந்தேன். தலை வலிக்கிறது என்றாள், வீட்டுக்குப் போகட்டுமா என்று அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டாள். நாளைக்கு அப்பாவே வந்துவிடுவார், ஒரே ஒரு நாள்தானே என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்கு ஆறாம் நாள். அவ்வளவு தூரம் வந்துவிட்டு விடுவதற்கு யாருக்குத்தான் மனசு வரும்.

ஞாயிற்றுக்கிழமை மிக்கேல்ராஜ்தான் முதல் ஆளாக வந்தார். பத்து மணிக்கு வரச் சொன்னால் ஒன்பதுக்கே கேட்டில் நின்றார். சட்டைப் பையில் ஒரு முள்வாங்கி கொண்டுவந்திருந்தார். பிள்ளைக்கு அப்போது நினைவு இல்லை. அவர் தூக்கிக்கொண்டு ஓடினதையும், ஆஸ்பத்திரியில் சாயங்காலம் நடந்ததையும் நீங்கள் விசாரித்து வைத்திருக்கிறீர்கள். இது முள் இல்லை, பாம்புக்கடி, அன்றைக்கே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னாராம். போஸ்ட்மார்ட்டம் அறுப்பெல்லாம் முடிந்து, ஜீனாவை மணியாச்சிக்குக் கொண்டுபோனது திங்கட்கிழமை. கணக்குக்கு அது எட்டாம் நாள். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, கேட்டவர்களுக்குத் தெரியட்டும் என்று சொல்கிறேன்.

நீங்கள் தயார்செய்து வைத்திருக்கிற வாக்குமூலத்தையும் வாசித்தேன். எல்லாம் சரிதான். ஒரு சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. 'காப்பாளரின் கவனக்குறைவால்' என்று எழுதியிருக்கிறீர்கள். மேடம், பதினான்கு வருஷத்தில் என்னைப் பார்த்து யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

புதன்கிழமை நாலேகாலுக்கு எங்கள் வாட்ச்மேன் சோலைச்சாமி ஒரு குச்சியில் ஒன்றைத் தொங்கவிட்டபடி என்னிடம் வந்தார்.

"சுருட்டை விரியன் டீச்சர். துணி தொவைக்குத கல்லுக்கு அடியில கெடந்து அடிச்சேன். இது கடிச்சா முள்ளு குத்துன மாரிதான் இருக்கும், ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் ஆளைக் கொல்லும். பிள்ளைகள்ல யாரும் கால்ல குத்திட்டுன்னு சொல்லிச்சா?"

நோட்டு என் கையில்தான் இருந்தது. அந்த வரியை விரலால் மறைத்துக்கொண்டு, ஒருத்தரும் சொல்லவில்லை என்றேன். பாம்பென்றால் படையும் நடுங்கும், அறுபத்திரண்டு பிள்ளைகள் நடுங்காமல் இருக்குமா? அடுத்த நாள் காலைக்குள் அறுபத்திரண்டு மூட்டையும் கேட்டில் இருந்திருக்கும். அவரை விட்டே அதைக் குழிதோண்டிப் புதைக்கச் சொன்னேன், வெளியே பேச வேண்டாம் என்றேன். பிறகுதான் செருப்புச் சாக்கை அவிழ்த்து, அறுபத்திரண்டு ஜோடியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தேன். ஜீனாவுக்கு வீங்கின காலில் செருப்பு நுழையவில்லை. அவளுக்கு வாரை நான்தான் தளர்த்திவிட்டேன்.

கவனம் குறைந்தவள் இத்தனையும் செய்வாளா? அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டுக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.