அரை மூட்டை மஞ்சள்

ஜோகூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே, கடலைக் கல்லால் தூர்த்து ரோடு போட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. ஜோகூருக்குத் திரும்பும் சாயங்காலப் படகில், எனக்கு எதிரே கல் சுமக்கும் பெண் ஒருத்தி மடியில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளை வேலை வாங்கும் கங்காணி.

“அரை மூட்டை மஞ்சத்தூள் பத்துமா கங்காணி, நம்ம ரோட்டுக்கு?” என்றாள்.

“ரோட்டுக்கு எதுக்கும்மா மஞ்ச?”

“கரையில நாம கும்பிட்ட முனியாண்டி கல்லைக் காணோம்னு எல்லாரும் தேடுறாங்களே, அதை நான்தான் கடல்ல போட்டேன். மழையில மஞ்சளும் குங்குமமும் கழுவிப்போச்சு. குவியல்லேருந்து உருண்டு வந்த கல்லுன்னு நெனச்சு, கூடையில தூக்கிட்டுப் போய்க் கொட்டிட்டேன்.”



“வேற கல்லு ஒண்ணு நட்டுக்கலாம்,” என்றார் கங்காணி.

“அது வேற கல்லுதானே? அவரு கடலுக்கு அடியில கிடக்காரே. எந்த இடம்னு எனக்குத் தெரியல. அதான், தண்ணிக்கு மேல தெரியுற அத்தனை கல்லுக்கும் பூசப் போறேன்.”

“துரை பார்த்தா உன் பேர வெட்டிருவாரு.”

“வெட்டட்டும்.”

“ரோடு முடிஞ்சதும் அதுக்கு மேல ரயிலே ஓடப்போவுது.”

“ஓடட்டும். அதுக்கு முந்தி அவருக்குப் பூசை ஆயிடணும்.”

படகு துறையைத் தொட்டது. எழுந்த கங்காணி மூட்டையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

“இது பத்தாது. இன்னொரு அரை மூட்டை நான் வாங்கியாறேன். நாளன்னைக்கு விடியுமுன்ன வந்துரு. துரை எட்டு மணிக்குத்தான் வருவாரு.”