மிங்கலாடோன் அகழி

வீட்டைச் சுற்றித் தண்ணீர் கட்டினால் கொசு மொய்க்கும் என்று எல்லோரும் மரியாதைக்கு 'ஊ' போட்டு அழைக்கும் ஊ குழந்தைவேலிடம் முதல் நாளே சொன்னேன். அவர் கேட்கவில்லை. மற்றபடி அந்த அகழியில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இந்த வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதுகிறேன். பர்மியில் மொழிபெயர்க்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சரித்திரப் பட்டதாரி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள். இடைக்கால இங்கிலாந்தில் நாட்டுப்புறப் பண்ணையார்கள் வீட்டைச் சுற்றி அகழி வெட்டியதைப் பற்றித்தான் என் ஆய்வுக் கட்டுரை. பகைவனுக்குப் பயந்து வெட்டியவர்கள் குறைவு. மன்னன் கோட்டைக்கு இருக்கிறதே, நமக்கும் இருக்கட்டும் என்கிற ஆசைதான். கட்டுரையைப் பற்றிக் கேள்விப்பட்ட அரிசி வியாபாரி ஊ குழந்தைவேலுக்கும் அதே ஆசை வந்தது. என்னைச் சம்பளத்துக்கு வைத்து, ஓராள் ஆழத்தில் அகழியும் அதன்மேல் தூக்குப் பாலமும் போட்டார். ரசித்துச் செய்தேன்.

அகழியை ஊருக்குக் காட்ட ஒரு விருந்து வைத்தார். அதற்கு முதல் நாள் மதியம் பாலத்தில் நின்றுகொண்டு சொன்னார்:

"மா வேதா, பாலத்தத் தூக்கி எறக்க ஒங்கப்பன் அய்யாசாமிய வரச் சொல்லு. அலோன் தொறமுகத்துல மூட்ட தூக்குன ஒடம்புதானே. தலப்பாவும் ஈட்டியும் நான் தர்றேன்."

"அவருக்கு முட்டி வலி, ஊலே" என்றேன். சித்தப்பா முறை வைத்துத்தான் அவரைக் கூப்பிடுவேன்.

"நொண்டட்டும், இன்னும் நல்லாருக்கும். மக எழுதுனத அப்பன் நடிச்சுக் காட்டுறான்னு நாலு பேருட்ட சொல்லலாம்ல."

கையோடு கொண்டுவந்திருந்த ஈட்டியைத் தோளில் சாத்தி, அப்பாவைப் போலவே நொண்டியும் காட்டினார். பலகை மழையில் ஊறியிருந்தது. விழுந்தார். நான் தள்ளவில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. ஒரு தடவைதான் கத்தினார்.

பக்கத்து வீட்டுத் தோட்டக்காரர் கோ டூன் அதைக் கேட்டு, வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். கையில் நீள மூங்கில். அங்கிருந்து அவருக்கு நான் மட்டும்தான் தெரிவேன். உதவிக்கு வரட்டுமா என்றார் பர்மியில்.

"யபாடே" என்றேன்.

இந்தச் சொல்லைக் கவனமாக மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். 'சரி, ஆகட்டும்' என்றும் பொருள் உண்டு. 'பரவாயில்லை, வேண்டாம்' என்றும் உண்டு. நான் சொன்னது முதல் பொருளில். அவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். அது மொழியின் கோளாறு.

நிஜமாகவே வேண்டாமா என்று அவர் திரும்பி நின்று கேட்டது உண்மை. அதே சொல்லைத்தான் மறுபடி சொன்னேன், சிரித்துக்கொண்டே. அப்பா நாளைக்கு வீட்டிலேயே இருக்கலாம் என்ற நிம்மதியில் வந்த சிரிப்பு அது.

தண்ணீர் அடங்கும்வரை கரையிலேயே நின்றேன். அந்த நிலையில் ஒரு மனுஷரைத் தனியாக விட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.